பத்தாயிரம் எட்டு

என் பேரு சொதி.
தேங்காப்பால் நிறத்துல பொறந்ததுக்கு
நயினாரு வச்ச பேரு.
இதுவரைக்கும் ஒரு சொட்டு சொதி
என் வட்டில்ல விழுந்ததில்ல,
அது வேற வழக்கு.

நான் சொல்ல வந்தது
அவன் கையில கெடக்க கடிகாரத்தப் பத்தி.
மணி பாக்க இல்ல வே அது.
எத்தன எட்டு நடந்தான்னு எண்ணும்.
ராத்திரி நல்லா உறங்கினானான்னு
காலையில அதுதான் அவனுக்குச் சொல்லும்.
விடிய விடியக் குறட்ட கேட்டது நான்.
என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.

ஆபீசு பெங்களூர்ல. ஆளு டவுண்ல,
வாகையடி முக்குக்குப் பின்னால மாடி வீடு.
மேல இஸ்திரி போட்ட சட்ட, கீழ கைலி.
கண்ணாடிப் பலகைக்குள்ள ஒம்பது தல,
ஒம்பதுக்கும் சேத்து ஒரு வாசன கெடையாது.
பலகைக்குப் பின்னால போயும் மோந்துட்டேன்:
தூசி, செத்த பாச்சா ஒண்ணு.
அந்தக் கூட்டத்துல
நெசமா வந்திருந்தது பாச்சா மட்டுந்தான்.

என்னையும் உள்ள போட்டிருக்கான்.
நான் கொட்டாவி விட்ட படத்துக்கு
நாலாயிரம் இதயம் வந்துச்சாம்.
வாங்கி எங்க வச்சான்னு தெரியல.
கோழியோடதுன்னா ஒண்ணு போதும் எனக்கு.

போன மாசம் ஆபீசுல ஒரு போட்டி.
தெனம் பத்தாயிரம் எட்டு, முப்பது நாளு.
மொத நாளு ரத வீதியில பாதி சுத்து போனான்,
மீதிப் பாதிக்குப் பாதாம்பால் குடிச்சான்.
மூணாம் நாளு கடிகாரத்தக் கழத்தி
என் முன்னங்கால்ல மாட்டிட்டு
"ஏல சொதி, இனி நீ நட" ன்னான்.

குத்தம் சொல்ல மாட்டேன். ஓடுதது நம்ம தொழிலு.
மாடிப்படி, சந்து,
எதுத்த வீட்டுப் பூனைக்கும் எனக்கும் உள்ள பாக்கி
எல்லாம் கணக்குல ஏறிச்சு.
பெங்களூர்க்காரி ஒருத்தி, தேஜஸ்வினியாம்,
"எப்படி நயினார் இவ்வளவு ஃபிட்டா?" ங்கா.
இவன் தொந்தியத் தடவிக்கிட்டே
"பழக்கந்தான்" ங்கான்.

இருபதாம் நாளு கதவு சரியாச் சாத்தல.
காத்து தெக்க இருந்து.
அதுக்குள்ள என்னென்ன இருந்துச்சு தெரியுமா வே?
அடிப்பிடிச்ச சால்னா அண்டா,
சைக்கிள் கட கிரீசு,
ரெண்டு தெரு தள்ளி ஒரு பொட்ட, நல்ல மனசோட,
எல்லாத்துக்கும் அடியில
பாசியும் அயிரயும் சேறுமா
ஆறு.

குறுக்குத்துறை வரைக்கும் நிக்கவே இல்ல.
கம்பத்துக்குக் கம்பம் நின்னது
நிக்கதுல சேராது.

படித்துறையில இருந்து ஒரு குதி.
தாமிரவருணி நெஞ்சுல வந்து இடிச்சுது பாரும்,
அந்தக் குளிரக் கூட்டிக் கொறைக்க
பொத்தானே கெடையாது.
கடிகாரத்துக்குன்னு தனி சிம்மு உண்டு.
அது வீட்ல இருக்க போனுக்குச் சொல்லுது:
இதயத்துடிப்பு நூற்று எழுபது. நீங்கள் நலமா?
நாற்காலியில சாஞ்சு காப்பி குடிச்சவன்
பதறிப்போய்த் தன் நெஞ்சத் தொட்டுப் பாத்தானாம்.

புள்ளி காட்டுத எடத்துக்கு வண்டிய வெரட்டி வந்தான்.
நான் இங்க நின்னு குரைக்கேன்,
அவன் புள்ளியப் பாத்துக்கிட்டே எறங்குதான்.
அஞ்சாவது படியில பாசி.
பெறகென்ன.

கைலி மேல மெதக்க, போனு கீழ போக,
மூக்கால ஆத்தக் குடிச்சிட்டு எந்திச்சான் பாரும்,
அவன் மேல மொத தடவையா ஒரு வாசன.
சேறு, மீனு, பயம், ஓரத்துல கொஞ்சம் சிரிப்பு.
காதுல இருந்து ஒருக்க நக்கிப் பாத்தேன்.
நம்ம ஆளுதான்.

துணி தொவச்ச அக்கா "கரைக்கு வாங்கண்ணே" ன்னா.
வரல.
கழுத்தளவுத் தண்ணியில எரும மாதிரி கெடந்தான்.

கடிகாரம் வார் அறுந்து
சீவலப்பேரிப் பக்கம் போயிருக்கும்னு எல்லாரும் சொல்லுதாவ.
இவனுக்கு மனசு ஆறல.
தவணை இன்னும் எட்டு மாசம் பாக்கியாம்.
தெனமும் விடியக்காலம் என்னையக் கூட்டிக்கிட்டு
ஆத்துல எறங்கித் தேடுதான்.

தேடட்டும்.
மருத மரத்து வேர்ல, மூணு வெரக்கட ஆழத்துல,
நான்தான் பொதச்சு வச்சேன்.
நேத்துப் போயி மோந்து பாத்தேன்.
இன்னும் எண்ணிக்கிட்டுத்தான் கெடக்கு, சவம்.